மாப்பிள்ளையின் கையும் மேனேஜரின் காலிங் பெல்லும்

என் தங்கைக்கு வரன் பார்த்தபோது நான் ஒரே ஒரு குறைதான் சொன்னேன். ஆள் நல்லவர், கெட்ட பழக்கம் கிடையாது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாது, எல்லாம் சரி. ஆனால் அந்தக் கை. அரைக்கைச் சட்டைக்குள்ளிருந்து இரண்டு துடைப்பக் குச்சிகள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. நான் இருபது வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். ஒரு கேன் இருபது லிட்டர். கைக்கு ஒன்றாக இரண்டு கேன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி. யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகும்.

“இந்தக் கையை வச்சுக்கிட்டு இவரு என்ன பண்ணுவாரு?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“என்னைத் தூக்கிக்கிட்டா நடக்கப் போறாரு? நான் நடந்துக்குவேன்” என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு அவருக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் வாரில் கூடுதலாக மூன்று ஓட்டை போட்டார். அப்படியும் மாப்பிள்ளை கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கைக்குப் போய்விடும். அவர் மணி பார்ப்பதற்குக் கையை உதற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஈர்க்குச்சி என்று பெயராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நானும் மனதுக்குள் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வேலை மாறிக்கொண்டே இருந்தார். ஜெராக்ஸ் கடை, மொபைல் ரிப்பேர், லிஃப்ட் கம்பெனியில் சுவிட்சு மாற்றும் வேலை. விரல் நல்ல வேகம், ஆனால் எதையாவது தூக்கச் சொன்னால் ஆள் கவிழ்ந்துவிடுவார். ஒருநாள் என் தங்கை ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். குழந்தைகளுக்கான கைப்பயிற்சி மையம் ஒன்றில் கருவிப் பரிசோதகர் வேண்டுமாம். எலெக்ட்ரிகல் வேலை தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு தகுதி: முன்கையின் சுற்றளவு பத்தொன்பது சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

நான் அதை அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இன்டர்வியூவுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். மையத்தின் தலைமைத் தெரபிஸ்ட் ஒரு அம்மா. எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் டெய்லர் டேப்போடு வந்து ஒவ்வொருவர் கையாக அளந்துகொண்டே போனார். ஆறு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் கை பதினெட்டரை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கை முதல் மார்க் வாங்கியது.

விஷயம் இதுதான். அங்கே கை சரியாகத் தூக்க வராத குழந்தைகளுக்கு, சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளும் ஒரு இயந்திரம் கொடுக்கிறார்கள். தோளில் ஒரு மோட்டார், முழங்கையில் ஒரு மோட்டார், சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒரு கம்பி, முதுகில் பேட்டரிப் பை. இயந்திரம் தானாகக் கையைத் தூக்காது. குழந்தை தூக்க முயற்சி செய்தால், அந்த முயற்சியை மோப்பம் பிடித்து, குறைகிற பலத்தை மட்டும் அது போடும். குழந்தை பாதி தூக்கினால் மீதிப் பாதி மெஷின். இதைக் குழந்தைக்கு மாட்டும் முன் யாராவது மாட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? பெரியவர்கள் கை அதில் நுழையாது. நுழைகிற ஒரே பெரிய மனிதர் எங்கள் மாப்பிள்ளை.

தினமும் காலையில் எட்டரைக்குள் ஆறு மெஷினையும் ஒவ்வொன்றாகத் தன் கையில் மாட்டி, தூக்கி, இறக்கி, கடித்தால் எங்கே கடிக்கிறது, வார் எங்கே உரசுகிறது என்று பார்ப்பார். குழந்தைகள் அவரை ஒல்லி மாமா என்பார்கள். இந்தப் பெயரில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வேலை போய்விடக்கூடாது என்று என் தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப் எடுத்து அவர் கையை அளந்துவிடுவாள். என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் என் மனைவி இரண்டாம் முறை பரிமாற வரும்போது தங்கை முறைக்கிற முறைப்பில் கரண்டி பாதி வழியில் நிற்கும். “அண்ணி, நாலு வருஷமா பதினெட்டரை. நீங்க கெடுத்துடாதீங்க” என்பாள்.

இந்த மையத்தில் எல்லோரையும் ஆட்டிப் படைத்த ஒரு பெண் இருந்தாள். வயது எட்டு. ஒரு விபத்துக்குப் பிறகு இடது கை மார்புக்கு மேல் வராது. வாய்க்கு மட்டும் எந்தத் தடையும் கிடையாது. வந்த முதல் நாளே மேடத்தைப் பார்த்து, “இந்த நாற்காலி ஏன் இங்க இருக்கு, அங்க போடுங்க” என்றாளாம். அன்றிலிருந்து அவள் பெயர் மேனேஜர். அவளுக்குப் பச்சை வார் போட்ட மெஷினை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குக் கொடுப்பதற்கு ஒரு விதி உண்டு. வாரத்துக்கு முந்நூறு தடவையாவது கை தூக்கியிருக்க வேண்டும். மெஷின் ஒவ்வொன்றையும் பதிவு செய்து மையத்துக்கு அனுப்பிவிடும். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் மெஷின் திரும்பி வந்துவிடும். கண்டிப்பு அதிகம்தான், ஆனால் வரிசையில் இன்னும் பதினொரு குழந்தைகள் காத்திருந்தார்கள். மெஷின் வீட்டில் இல்லையென்றால் மேனேஜரின் கை அதே மார்பளவில் நின்றுபோகும் என்று மேடம் அவள் அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

முதல் வாரம் நாற்பது. மேடம் போனில் எச்சரித்தார். இரண்டாம் வாரம் ஆயிரத்து நூறு.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளைக்கு மட்டும் உறுத்தியது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு இருநூறு தடவை கை தூக்கியிருக்கிறாள். பதினொரு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

அந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. குழந்தை செய்த அசைவைத் திருப்பிப் போட்டால், மாட்டியிருப்பவர் கையை அது அதே மாதிரி அசைத்துக் காட்டும். தெரபிஸ்டுகளுக்காகச் செய்தது, ஆனால் தெரபிஸ்டுகளில் யார் கை அதற்குள் நுழைகிறது? மாப்பிள்ளை தன் கையில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு, அந்தப் பதினொரு மணிப் பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கை மேலே போனது. ஒரு நொடி நின்று, லேசாக முன்னே அழுத்தியது. கீழே வந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி மேலே போனது.

இப்படி ஒரு மனிதர் அறை நடுவில் கண்ணை மூடிக் காற்றில் வேலை செய்வதைப் பார்த்து, தரை துடைக்கும் அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன சார் பண்றீங்க?”

“அதான் தெரியலைக்கா.”

அந்த அம்மா தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தார். “துணி காயப் போடுறீங்க” என்றார். “கிளிப்பு மாட்டுறீங்க பாருங்க. அஞ்சாவதா மாட்டினது பெட்ஷீட். அதுக்குத்தான் ரெண்டு கிளிப்பு.”

மாப்பிள்ளை அடுத்த பதிவைப் போட்டார். “ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது” என்றார் அந்த அம்மா உடனே. அடுத்தது. “தலை வாருறது. நீளமான முடி.” அடுத்தது கொஞ்சம் யோசிக்க வைத்தது. “ஒட்டடை அடிக்கிறாங்களோ? ஆமா, ஒட்டடைதான். ஆனா இவங்க மூலையைச் சரியா அடிக்கல.”

ஆக மேனேஜரின் ஆயிரத்து நூறும் மேனேஜருடையது இல்லை. வீட்டில் யாரோ மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். சொன்னால் மெஷின் போய்விடும், சொல்லாவிட்டால் அது துணி காயப் போட்டே தேய்ந்துவிடும். அப்போது கடைசியாக ஒரு பதிவு மிச்சமிருந்தது. தினமும் மாலை நாலேகாலுக்கு. தினமும் ஒரே ஒரு தடவை. அதைப் போட்டார்.

கை மிக மெதுவாகக் கிளம்பியது. நடுங்கியது. பாதியில் நின்று, இறங்கி, மறுபடி கிளம்பி, மார்பு உயரத்தில் முன்னே நீண்டு எதையோ ஒரு அழுத்து அழுத்தியது. பிறகு சடாரென்று கீழே விழுந்தது.

“இது என்னக்கா?”

தரை துடைக்கும் அம்மா உதட்டைப் பிதுக்கினார். “இது வீட்டு வேலை இல்ல சார். இது குழந்தை கை.”

அன்று சாயங்காலமே வார் சரிபார்க்க வருகிறேன் என்று சொல்லி மாப்பிள்ளை மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பினார். அது நான் தண்ணீர் போடும் கட்டடம்தான், லிஃப்ட் கிடையாது. என் வேனிலேயே கூட்டிப் போனேன். மேனேஜர் வீடு மூன்றாவது மாடி. நான் பாட்டுக்கு இரண்டாவது மாடியில் கேனை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் பெல் பட்டன்கள் தாழ்வாக இருக்கும். எனக்கு அது வசதி. இரண்டு கையிலும் கேன் இருப்பதால் நான் பெல்லை இடுப்பால்தான் அடிப்பேன்.

மேலே, பதினொரு மணிக்கு மெஷினை மாட்டுவது யார் என்று மாப்பிள்ளை கேட்டவுடன் மேனேஜரின் அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாராம். அவர் கையும் மெலிந்த கைதான். வாரைக் கடைசி ஓட்டையில் போட்டால் நுழைந்துவிடும்.

“அவ போட மாட்டேங்கிறா சார். பசங்க நண்டுன்னு சொல்றாங்களாம். நான் என்ன செய்ய? மெஷினைப் புடுங்கிட்டுப் போயிட்டா அவ மனசு மாறும்போது மெஷின் இருக்காதே. அதான் அவ மாறுற வரைக்கும் நான் போட்டுக்கலாம்னு.”

“நாலேகாலுக்கு யாரு போடுறது?”

“நாலேகாலுக்கா? அப்ப நான் கடைக்குப் போயிருப்பேனே.”

அந்த நேரம் பார்த்து இரண்டாவது மாடிக்காரர் மேலே ஏறி வந்தார். அவருக்குத்தான் நான் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன், நானும் பின்னாலேயே போனேன். கரண்ட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியே காலம் கழித்தவர், தனி ஆள், முழங்கால் வலி, முன்கோபம். கட்டடத்தில் அவருக்கு மோட்டார்காரர் என்று பெயர்.

“இந்த வீட்டுப் பொண்ணு தினமும் நாலேகாலுக்கு என் பெல்லை அடிச்சிட்டு ஓடுது. நான் எழுந்து வந்து கதவைத் திறக்கிறதுக்குள்ள ஆள் இல்ல.”

மேனேஜர் அறைக்குள்ளிருந்து வந்தாள். கொஞ்சமும் அசரவில்லை. “நான் அடிக்கல. மெஷின் அடிச்சுது” என்றாள்.

பெல்லை அடித்துவிட்டு ஓடுவதற்கு மட்டும் அவள் மெஷினைப் போட்டுக்கொள்கிறாள். பிடிபட்டால் பழியை அதன் மேல் போட்டுவிடலாம். அவளைத் திட்ட வேண்டிய மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக நின்றார். காலையில் தன் கையில் நடுங்கி நடுங்கி ஏறியது எது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“எனக்கு நல்லாக் கேக்குது” என்றார் மோட்டார்காரர். “படி இறங்கும்போதே கிர்ருன்னு சத்தம். தோள்ல இருக்கிற மோட்டார்ல பேரிங் காஞ்சு போயிருக்கு.”

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. “வீட்டுக்குக் குடுக்கிற வரைக்கும் நான் தினமும் பார்த்த மெஷின் சார் அது.”

“பார்த்தா தெரியாது, கேக்கணும்.”

மறுநாள் மாப்பிள்ளை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துணி, ஜன்னல், ஒட்டடை, ஒன்று விடாமல். மேடம் கேட்டுவிட்டு, “அப்ப மெஷினை எடுத்துட்டு வந்துடுங்க” என்றார்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மேடம் தூக்குறா. ஆனா அது அவ தூக்கினது. நீங்க மாட்டிப் பார்த்தீங்கன்னா மெஷினை எடுக்கச் சொல்லமாட்டீங்க. உங்களுக்கு நுழையாது, எனக்கு நுழையுது, அதனால நான் சொல்றேன்.”

நாலு வருடத்தில் மாப்பிள்ளை எதிர்த்துப் பேசி மேடம் பார்த்ததில்லை. ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் கை தோளுக்கு மேலே போக வேண்டும். முந்நூறு வேண்டாம், ஆனால் அவளே தூக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் அவள் தொடவே இல்லையென்றால் வரிசையில் அடுத்த குழந்தைக்கு. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு முந்தைய நாள் வரை அவர் எந்தப் பொறுப்பையும் விரும்பி ஏற்றதாக எனக்கு நினைவில்லை.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். மோட்டார்காரர் வீட்டுக்குப் போய், “உங்க பெல் பட்டனை வாரத்துக்கு நாலு விரக்கடை மேலே ஏத்திக்கிட்டே போக முடியுமா சார்?” என்று கேட்டார்.

“என்னை இம்சை பண்ற பொண்ணுக்கு நானே ஒத்தாசை பண்ணணுமா?” என்றார் மோட்டார்காரர்.

“ஆமா சார்.”

மோட்டார்காரர் கொஞ்சநேரம் மாப்பிள்ளையின் கையையே பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு, “விதிமுறை நான் சொல்றதுதான்” என்றார். இடது கையால்தான் அடிக்க வேண்டும், வலது கையால் அடித்தால் கணக்கில் வராது. அவள் அடிப்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டால் அவருக்கு ஒரு புள்ளி. அடித்துவிட்டு அவள் மாடித் திருப்பத்தில் மறைந்துவிட்டால் அவளுக்கு ஒரு புள்ளி. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஆட்டம் கிடையாது, அவர் தூங்க வேண்டும். மேனேஜர் இதைக் கேட்டுவிட்டு, “சண்டே லீவு” என்று ஒன்றைச் சேர்த்தாள்.

முதல் நாளே மோட்டார்காரர் கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். மேலே கிர்ர் என்று சத்தம் கேட்டதும் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொள்வார். அவள் நடுங்கி நடுங்கிக் கையை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிடுவார். கதவுக்கு உள்பக்கம் ஒரு காலண்டர் அட்டையில் கோடு போட்டு வைத்திருந்தார், நான் கேன் வைக்கிற இடத்துக்கு நேர் மேலே. முதல் வாரம் ஆறுக்குப் பூஜ்யம். பட்டன் நாலு விரக்கடை ஏறியது. இரண்டாம் வாரம் பன்னிரண்டுக்குப் பூஜ்யம். பட்டன் மறுபடி ஏறியது.

“ஒரு தடவையாவது விட்டுக் கொடுக்கக்கூடாதா?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு கேட்டுச்சா?” என்றார் அவர். கேட்கவில்லைதான்.

மூன்றாம் வாரம் பதினெட்டுக்குப் பூஜ்யம். நாலாம் வாரம் இருபத்து நாலுக்குப் பூஜ்யம். பட்டன் அவள் நெற்றி உயரத்துக்கு வந்திருந்தது. மாப்பிள்ளை தினமும் காலையில் அந்தப் பதிவைத் தன் கையில் போட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் என் தங்கையிடம் கையைத் தூக்கிக் காட்டுவாராம், இன்றைக்கு இதுவரை, இன்றைக்கு இதுவரை என்று. வாட்ச் முழங்கைக்குப் போய்விடும்.

ஐந்தாம் வாரம் பதிவு எதுவும் வரவில்லை. திங்கள் பூஜ்யம், செவ்வாய் பூஜ்யம், வாரம் முழுக்கப் பூஜ்யம். மெஷின் ஆன் ஆகியிருக்கிறது, ஆனால் அசையவே இல்லை. மாப்பிள்ளை அம்மாவுக்குப் போன் செய்தார். தினமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கா சார், கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கா, பச்சை லைட் எரியறது கதவு இடுக்குல தெரியுது என்றார் அம்மா. நான் கேன் போடப் போனபோது மோட்டார்காரர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். “ஆளையே காணோம்” என்றார். “நான் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமோ?” அவர் அப்படிக் கேட்டது எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆறாம் வாரமும் பூஜ்யம். மேடம் கோபப்படவில்லை. வரிசையில் அடுத்து நிற்கும் குழந்தையின் பெயரை எழுதிவைத்துவிட்டு, “சாயங்காலம் போய் எடுத்துட்டு வந்துடுங்க. அம்மாகிட்ட நான் போன்ல சொல்லிடுறேன்” என்றார்.

வேனில் மாப்பிள்ளை திரும்பப் பெறும் படிவத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தார். நான் சமாதானம் சொல்லத் தெரியாதவன். “நீங்க முயற்சி பண்ணீங்க மாப்ள” என்று மட்டும் சொன்னேன்.

“நான் என்ன பண்ணேன் மச்சான்? அவதான் பண்ணா. நான் கையைக் குடுத்தேன், அவ்வளவுதான்.”

படியேறும்போது மணி நாலேகால் ஆகியிருந்தது. இரண்டாம் மாடிக்கு அரை மாடி கீழே, படி திரும்புகிற இடத்தில் மாப்பிள்ளை சட்டென்று நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலேயிருந்து சின்னப் பாதங்கள் இறங்கி வந்தன. செருப்பு இல்லை. கிர்ர் சத்தமும் இல்லை.

மேனேஜர் வந்து மோட்டார்காரர் கதவுக்கு முன்னால் நின்றாள். இடது கையில் மெஷின் இல்லை, வெறும் கை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்க ஆரம்பித்தாள்.

நான் கனம் தூக்கிப் பிழைக்கிறவன். அந்தக் கை மேலே போன மாதிரி ஒரு கனத்தை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. மார்புக்கு வந்து நின்றது. நடுங்கியது. தோளுக்கு வந்தது. ஒருமுறை வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கையும் அவருக்குத் தெரியாமலே மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜரின் விரல் பட்டனைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. பெல் அடித்தது.

அவள் பறந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் மீதிப் படிகளை ஏறிக் கதவுக்கு முன்னால் போய் நின்றோம். உள்ளே நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மோட்டார்காரர் படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“யாரு அடிச்சது?”

“நான்தான் சார்” என்றார் மாப்பிள்ளை. தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

“பொய் சொல்லாதீங்க. நீங்க அடிச்சா ஒரே அடி. இவரு அடிச்சா இடுப்பு அடி. இது தொட்டு, விட்டு, தொட்டு அடிச்ச அடி. அந்தப் பொண்ணு கை எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். “ஆனா மோட்டார் சத்தம் கேக்கலையே.”

அவருக்கே புரிந்துவிட்டது. திரும்பி அந்தப் பட்டன் இருந்த உயரத்தைப் பார்த்தார்.

மாடித் திருப்பத்துக்கு மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. “எனக்கு ஒண்ணு. கோடு போடுங்க.”

மோட்டார்காரர் உள்ளே போய்க் கோடு போட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், அதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் மாடியில் அவள் அறைக்குள் போனோம். மெஷின் ஒரு தலையணைக்கு ஒழுங்காக மாட்டியிருந்தது, வாரெல்லாம் சரியான ஓட்டையில், பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் அவள் நெற்றி உயரத்தில் கிரேயானால் ஒரு வட்டம், நடுவில் ஒரு பட்டன். விரல் பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பே போயிருந்தது. இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் செய்தது அதுதான்.

“மெஷின் சத்தம் போட்டுக் காட்டிக் குடுக்குது” என்றாள் மேனேஜர், புகார் சொல்கிற தோரணையில். “இன்னைக்கு அதை எடுத்துட்டுப் போறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதோட ஆட்டத்தையும் நிறுத்திடுவீங்களோன்னு இன்னைக்கே அடிச்சுட்டேன். இன்னும் நாலு நாள் பிராக்டிஸ் பண்ணியிருந்தா விழாம அடிச்சிருப்பேன்.”

படிவத்தில் திரும்பப் பெறும் காரணம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பயன்படுத்தவில்லை, அளவு சேரவில்லை, பழுது. மாப்பிள்ளை முதல் கட்டத்தில் டிக் போட்டார். அது உண்மைதானே. கீழே இருந்த இடத்தில், “இது இல்லாமலே பெல் அடிக்கிறாள்” என்று எழுதினார். மேடம் அதைப் படித்துவிட்டு அவளை வரவழைத்துப் பார்த்தார். மணிக்கட்டுக்கு இன்னும் பயிற்சி வேண்டும், வாரம் இரண்டு நாள் வர வேண்டும், ஆனால் தோளுக்கு இந்த மெஷின் வேண்டாம் என்றார்.

பச்சை மெஷின் அடுத்த குழந்தைக்குப் போயிற்று. போகும் முன் அந்தக் காய்ந்த பேரிங்கை மாற்றிவிடச் சொன்னார் மேடம். மாப்பிள்ளை, எண்ணெய் விடாமல், மாற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். “சத்தம் இருக்கட்டும் மேடம், அடுத்த பிள்ளையும் இதைக் கழட்டி வச்சுட்டுத் தூக்கட்டும்” என்று கெஞ்சினாராம். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை, பேரிங்கை மாற்றத்தான் வேண்டியிருந்தது. பழைய பேரிங் இப்போது என் தங்கை வீட்டு அலமாரியில் அளக்கிற டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காலண்டர் அட்டை நேற்றுப் பார்த்தபோது இருபத்தொன்பதுக்குப் பதினாறு. மோட்டார்காரருக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று கவலையாம். எனக்குத்தான் தொல்லை. பட்டன் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது, இடுப்பு எட்டாது. இரண்டு மாடி ஏறி வந்து, கேன் இரண்டையும் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கித்தான் பெல் அடிக்கிறேன். தூக்கும்போதெல்லாம் அது எவ்வளவு லேசாக மேலே போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.